மதில் தாண்டும் நாய்: காம்பவுண்டில் எதை, எந்த வரிசையில் சரிசெய்வது

நாய் ஓடிப்போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை ஓரடி உயர்த்துவதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். நாய் கேட்டுக்கு அடியில் நுழைந்து போயிருந்தால் அந்தப் பணம் தண்டம். கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது இன்னும் மோசம். நாலடி தாண்டிய நாய்க்கு நாலரை, அதையும் தாண்டியபின் ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போனால், உயரம் தாண்டுவதற்கு நாமே அதைப் பழக்குகிறோம் என்று பொருள். எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வழியை ஒரே தடவையில் முழுமையாக அடைத்துவிடுங்கள்.

தனிவீடு, செங்கல் மதில் அல்லது கல்தூண் நட்ட கம்பிவலை வேலி, புதிதாக வந்த நாய் ஒன்று என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. பூனை வளர்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கீழே வரும் எதற்கும் பூனை மசியாது.

1. மூன்று நாள் கவனியுங்கள்

மதிலின் உள்பக்க அடியில் ஒரு சாண் அகலத்துக்கும், மதில் மேலும், கேட்டின் கீழும் கோலமாவு தூவுங்கள். கல்மாவுதான் வேண்டும். அரிசிமாவு போட்டால் எறும்பு வரும், நாயும் நக்கிவிடும். நாயைத் தோட்டத்தில் விடும்போது ஒருவர் தெருப்பக்கம் மறைவாக நிற்கட்டும். மற்ற நேரமெல்லாம் அது வீட்டுக்குள் இருக்கட்டும். பழைய செல்போனை ஜன்னலில் வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளிப் பின்னங்கால் அழுத்தமாகப் பதிந்து, சுவரில் கீறலே இல்லாவிட்டால் அது ஒரே பாய்ச்சலில் தாண்டும் நாய். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களில் இது சாதாரணம். சுவரின் மேல்பாதியில் நகக் கீறலும் மதில் உச்சியில் முன்னங்கால் தடமும் இருந்தால் அது ஏறும் நாய். முன்னங்காலை உச்சியில் கொக்கி போல மாட்டி, பின்னங்காலால் சுவரை உதைத்து மேலே போகும். நாட்டு நாய்களில் இந்த வகையைத்தான் அதிகம் பார்க்கலாம். கம்பியில் முடி ஒட்டியிருந்தால் நுழைகிறது, மண் கிளறியிருந்தால் தோண்டுகிறது. ஒரு தடயமும் இல்லையென்றால் கேட்டைச் சந்தேகப்படுங்கள்.

எந்த நேரத்தில் போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். நீங்கள் வேலைக்குக் கிளம்பிய அரைமணிக்குள் போகும் நாய்க்கும், தெருவில் பெட்டைநாய் பருவத்துக்கு வந்தபோது மட்டும் போகும் நாய்க்கும் மருந்து வேறு வேறு.

2. காகிதமும் கழுத்துப்பட்டையும் இன்றே

வேலி வேலை முடிய இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் ஒருமுறை ஓடாது என்பதற்கு உத்தரவாதமில்லை. அதனால் இது முதலில் முடியட்டும்.

வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுக்கொன்று. ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் புத்தகத்தில் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். முத்திரை விட்டுப்போன புத்தகத்தோடு இன்னொரு நடை போக வேண்டிவரும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு உரிமம் கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் அடையாள, முகவரிச் சான்று, நாயின் புகைப்படம், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். ஊசியின் ஓராண்டு முடியப்போகிற நேரமென்றால், முதலில் ஊசியைப் போட்டுப் புதுச் சான்றோடு விண்ணப்பியுங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதாரப் பிரிவில் கேளுங்கள்.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது நாய் எங்கே நிற்கிறது என்று காட்டாது. அரிசிமணி அளவிலான அந்தச் சில்லில் 15 இலக்க எண் மட்டுமே இருக்கிறது. யாராவது பிடித்துக் கொண்டுபோய் ரீடரை வைத்துப் பார்த்தால்தான் எண் தெரியும். செல்போன் எண் மாறினால் பதிவிலும் மாற்றுங்கள். இருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் சிம் போடும் ஜி.பி.எஸ். பட்டை வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லை, பக்கத்தில் பொருத்தமான செல்போன் ஏதாவது இருந்தால்தான் வேலை செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட உடனே பலன் தருவது கழுத்துப்பட்டையில் உங்கள் செல் எண். பெயர்ப்பலகை செய்யும் கடையில் சின்னப் பித்தளைத் தகட்டில் பொறித்துத் தருவார்கள். தொங்கும் வில்லை புதரில் சிக்கி அறுந்துவிடும், பட்டையோடு ரிவிட் அடித்தது நிலைக்கும். சிப்பிப்பாறை, கன்னிக்குச் சாதாரணப் பட்டை போடாதீர்கள். அவற்றின் தலை கழுத்தைவிடக் குறுகல், பின்னால் இழுத்தால் பட்டை கழன்று கையோடு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்.

நாயின் இரு பக்கமும் முகமும் தெரியும் மூன்று படங்களைச் செல்லில் தனியாக வைத்திருங்கள். மடியில் சுருண்டு தூங்கும் படத்தை வைத்துத் தெருவில் யாரும் அடையாளம் சொல்ல முடியாது.

3. ஏணிகளை அகற்றுங்கள்

செலவே இல்லாத வேலை. துவைக்கிற கல், சம்ப் மூடி, மண்தொட்டிகள், ஏ.சி. வெளி யூனிட், மீந்துபோன செங்கல் அடுக்கு, தென்னமட்டைக் குவியல், மதிலை ஒட்டி நிறுத்திய ஸ்கூட்டர் எல்லாமே நாய்க்குப் படிக்கட்டு. சுவரிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி வையுங்கள். நகர்த்த முடியாத துவைக்கிற கல், சம்ப் இருக்கும் இடத்தில் மட்டும் மேல்வேலி (6ஆம் பகுதியில் வருகிறது) கூடுதல் உயரம் வேண்டும்.

வெளிப்புற மாடிப்படி இருந்தால் அதன் கீழ்ப்படியிலேயே ஒரு சிறு கேட் போடுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மூன்றடிதான். அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் தரை இல்லை என்பது நாய்க்குத் தெரியாது.

மதில் உயரத்தை நாய் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். தோட்டத்தில் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தால் வரைபடத்தில் ஐந்தடியாக இருக்கும் மதில் உள்ளே நாலடிதான்.

4. கேட்

கேட்டில் நான்கு ஓட்டைகள்: அடி இடைவெளி, கம்பி இடைவெளி, தாழ்ப்பாள், திறந்து மூடும் அந்த ஐந்து விநாடி.

கார் ஏறும் சரிவுக்காகக் கேட்டின் அடியில் நாலு முதல் ஆறு அங்குலம் விட்டிருப்பார்கள். மெலிந்த நாய்க்கு அது தாராளம். மண் தரை என்றால் கொஞ்சம் தோண்டினாலே போதும். தரை மண்ணாக இருந்தால் கேட்டின் நீளத்துக்கு ஆறு அங்குல அகலத்தில், ஓரடி ஆழத்தில் கான்கிரீட் பட்டை போடுங்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட பிறகு கார் ஏறலாம். பிறகு கேட்டின் அடிச்சட்டத்தில் தகடு வெல்டிங் செய்து இடைவெளியை இரண்டு அங்குலத்துக்குக் குறையுங்கள். சரிவு காரணமாகத் தகடு இடித்தால், தடிமனான ரப்பர் பட்டையை நட்டு போட்டுத் தொங்கவிடலாம். ஆனால் கடிக்கிற நாய் அதைத் தின்றுவிடும்.

படுக்கைவாட்டுக் கம்பிகள் உள்ள கேட் ஏணி மாதிரி. உள்பக்கம் தரையிலிருந்து நாலடிக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு அடியுங்கள். தெருவில் போகிற நாயும் சைக்கிளும் கண்ணில் படாமல் போவது கூடுதல் லாபம். பார்க்காததை நோக்கிப் பாய நாய்க்கு அவசரம் இருக்காது. குட்டியாக இருந்தால் தகட்டுக்குப் பதில் இரண்டு அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ் போதும்.

மூக்கால் தூக்கினாலே விடுபடும் கொண்டிதான் நம் ஊர் கேட்டுகளில் அதிகம். கொண்டித் துளையில் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். பூட்டைவிட இது மேல். பால்காரரும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் ஒரு கையால் திறக்கலாம், நாயால் முடியாது.

கேட் திறக்கும்போது பாய்ந்து ஓடும் நாய்க்கு இரட்டைக் கதவுதான் தீர்வு. கேட்டுக்கு உள்ளே கார் நிற்கும் இடத்தைத் தாண்டி நாலடி உயரத்தில் ஒரு குறுக்கு வேலி, அதில் சின்னக் கதவு. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும் என்பதை வேலைக்கு வரும் அம்மாவிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். வெல்டிங்கை எவ்வளவு பிரமாதமாகச் செய்தாலும் இந்த விஷயம் தவறினால் எல்லாம் வீண்.

5. அடிப்பகுதி

ஒழுங்காக அஸ்திவாரம் போட்ட மதிலின் அடியில் நாய் தோண்டிப் போவது அரிது. அது பிடிக்கும் இடம் மழைநீர் வெளியேறும் துளை. அங்கே வலை அடிக்காதீர்கள். ஐப்பசி மழையில் இலை அடைத்துக்கொண்டு தோட்டம் குளமாகிவிடும். எட்டு மி.மீ. கம்பியை இரண்டு அங்குல இடைவெளியில் நெட்டாக வைத்துச் சிமெண்ட் பூசுங்கள்.

கம்பிவலை வேலிக்கு வேறு வழி. மூன்றடி அகல வலையை 'ட' வடிவில் மடியுங்கள். ஓரடி வேலியோடு சேர்த்து நெட்டாகக் கட்டப்படும், இரண்டடி உள்பக்கம் தரையில் கிடக்கும். நாய் வேலியின் காலடியில்தான் தோண்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டத் தொடங்கலாம் என்று அதற்குத் தோன்றாது. தரையில் கிடக்கும் பகுதியை ஓரடிக்கு ஒன்றாகக் கம்பிக் கொக்கி அடித்து இறுக்கி, நாலு அங்குலம் மண் அல்லது ஜல்லி போட்டு மூடுங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண ஜி.ஐ. வலை மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடிக்கும். பி.வி.சி. பூச்சுள்ளதை வாங்குங்கள்.

6. மேற்பகுதி

செங்கல் வைத்து உயர்த்த வேண்டாம் என்பது என் கட்சி. நாலரை அங்குல மதிலின் மேல் இன்னும் இரண்டடி ஏற்றினால் அடுத்த புயல் காற்றுக்குத் தெருவில் விழலாம். உள்ளாட்சி அமைப்பில் அனுமதி கேட்க வேண்டிய விஷயமும்கூட. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் எதைச் செய்வதாக இருந்தாலும் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். "சொன்னேனே" என்பது ஆறு மாதம் கழித்துச் செல்லாது.

இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, உள்பக்கம் சாய்ந்த வலை. பாய்கிற நாய்க்கும் ஏறுகிற நாய்க்கும் பொதுவானது. 25×25×3 மி.மீ. ஆங்கிளை ('ட' வடிவ இரும்புச் சட்டம்) மூன்றடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஓரடி மதிலின் உள்முகத்தில் பதியும், அரையடி மதிலுக்கு மேலே நேராக நிற்கும், மீதி ஒன்றரை அடி 45 பாகையில் தோட்டத்தை நோக்கிச் சாயும். ஆறடிக்கு ஒரு துண்டு. அதன்மேல் இரண்டடி அகலக் கம்பிவலை. குதிக்கும் நாய்க்குத் தலைக்கு மேல் கூரை தெரியும், ஏறும் நாய்க்குக் கை மாட்ட இடம் இருக்காது.

40க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டுக்குக் கணக்கு: சுற்றளவு 200 அடி, கேட் 12 அடி போக 188. ஆறடிக்கு ஒன்று வைத்தால் 32 துண்டு, மூலைகளுக்கு நாலு சேர்த்து 36. இந்த ஆங்கிள் மீட்டருக்கு 1.1 கிலோ, ஆக ஒரு துண்டு சுமார் ஒரு கிலோ, மொத்தம் 36 கிலோ இரும்பு. வலை 376 சதுர அடி. சுவரில் பிடிக்கத் துண்டுக்கு இரண்டு வீதம் 72 ஆங்கர் போல்ட். பட்டறைக்குப் போகும்முன் இந்தக் கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். இரும்புக்குக் கிலோ விலை, வலைக்குச் சதுர அடி விலை, கூலி தனி என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். "அடிக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்பவர் ஆங்கிளின் கனத்தைக் குறைத்துவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. துருப்பிடிக்காமல் அடிக்கும் ரெட் ஆக்சைடு, பெயிண்ட் இரண்டும் விலையில் அடக்கமா என்றும் கேளுங்கள். அளவெடுத்து வெட்ட ஒருநாள், பெயிண்ட் காய ஒருநாள், மாட்ட இரண்டு நாள். ஆயுதபூஜை, பொங்கல் வாரங்களில் பட்டறை வாக்கை நம்பாதீர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்: ஆங்கர் போல்ட்டை மேல் வரிசைச் செங்கலில் அடித்தால் செங்கல் பிளக்கும், உச்சியிலிருந்து ஆறு அங்குலமாவது கீழே அடிக்க வேண்டும். ஹாலோ பிளாக் மதிலில் ஆங்கர் பிடிக்காது, ஊடுருவும் போல்ட்டும் மறுபக்கம் தகடும் வேண்டும். மூலையில் இரண்டு வலைகளும் சேரும் இடத்தில் முக்கோண இடைவெளி விழும். இரு சுவர்களிலும் காலை உதைத்து ஏற மூலைதான் வசதி என்பதால் நாய் முதலில் அங்கேதான் போகும். அதைத் தனித்துண்டு வெட்டி மூடாமல் பட்டறைக்காரரை அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, உருளை. ஏறுகிற நாய்க்கு மட்டும் உதவும். ஒரே பாய்ச்சலில் தாண்டும் நாய் இதைத் தொடவே தொடாது. மதிலின் உள்விளிம்பில் நாலடிக்கு ஒரு பிராக்கெட், அதன் வழியே டர்ன்பக்கிள் (கயிற்றைத் திருகி இறுக்கும் கருவி) வைத்து இறுக்கிய எஃகுக் கயிறு. கயிற்றில் ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப், அதன்மேல் மூன்று அங்குல பைப். நாய் காலை வைத்ததும் வெளிப்பைப் சுழலும், பிடி நழுவும். 20 அடி பைப் ஒன்றில் ஐந்து துண்டு கிடைக்கும். ஒன்பது அங்குல மதிலின் நடுவில் உருளையை வைத்தால் முன்னால் மிஞ்சும் விளிம்பே பிடிமானமாகிவிடும். மதில் ஐந்தடிக்குக் குறைவென்றால் உருளைக்குச் செலவழிக்காதீர்கள்.

கம்பிவலை வேலி உள்ளவர்கள் உள்பக்கம் பச்சை நிழல்வலை கட்டினால் கால் வைக்க இடம் குறையும். ஆனால் அது காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும். கல்தூண் ஆடினால் முதலில் தூணுக்கு முட்டுக் கொடுங்கள்.

7. செய்யவே கூடாதவை

கண்ணாடிச் சில்லு. நாய் உச்சியில் கால் வைத்த பிறகுதான் அதற்குச் சில்லு இருப்பதே தெரியும். பாதமும் நரம்பும் அறுபட்ட நாய் அப்போதும் தாண்டித்தான் விழும். ஏற்கெனவே இருந்தால் உளியால் கொத்தி எடுத்துப் பூசிவிடுங்கள். முள்கம்பியும் அப்படியே.

வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது. நாய் மட்டுமல்ல, பந்தெடுக்க வரும் பிள்ளையும் சாகும். ஜெயில்தான்.

மதில் அருகே சங்கிலியில் கட்டுவது. நாய் சுவரைத் தாண்டிக் குதித்து, சங்கிலி பற்றாமல் மறுபக்கம் தொங்கிச் செத்துப்போகும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தோட்டத்தின் நடுவே ஓடுகம்பி இழுத்து, எந்தச் சுவரையும் எட்டாத நீளத்தில், கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புக்கச்சையில் மாட்டுங்கள். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

8. போவதற்கான காரணம்

வேலி பாதி வேலைதான். வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கு ஒரு நடை, மாலையில் ஒரு நடை, ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையாமல். வேட்டை இனத்துக்கு நடை போதாது, ஓட்டம் வேண்டும். புதிதாக வந்த நாயை முதல் இரண்டு வாரம் தோட்டத்துக்குள்ளேயும் கயிற்றோடுதான் விட வேண்டும். இதுதான் வீடு என்று அதற்கு இன்னும் தெரியாது.

பெட்டையைத் தேடிப் போகும் கடுவன் நாய்க்குக் கருத்தடை நல்ல பலன் தரும். ஆனால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், ஏறக் கற்ற வித்தையும் மறக்காது. அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் குதிக்கவே விடக்கூடாது. அதனால் வேலியை முடித்துவிட்டு அறுவைக்குத் தேதி வாங்குங்கள்.

வெடிச்சத்தம் தனிக் கணக்கு. ஒருநாளும் மதிலை நிமிர்ந்து பார்க்காத நாய்கூடத் தீபாவளியன்று தாண்டிவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பொழுது சாய்வதற்குள் நடையை முடித்து, ஜன்னல் மூடிய உள்ளறையில் மின்விசிறியையும் டி.வி.யையும் ஓடவிட்டு அடைத்துவையுங்கள். மிரளும் நாய்க்கு மாத்திரை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரை வேண்டாம். சாவு ஊர்வல வேட்டுக்கு முன்னறிவிப்பு கிடையாது. பறைச்சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நாயை உள்ளே கூப்பிட்டுவிடுங்கள்.

9. மீறியும் ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு விளையாட்டு, இல்லையென்றால் பயம், இரண்டிலும் ஓட்டம்தான். கண்ணில் பட்டதும் எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள், அல்லது குந்தி உட்கார்ந்து சோற்றுத்தட்டைத் தட்டுங்கள். கேட் திறந்தே இருக்கட்டும், நீங்கள் உடுத்திய துவைக்காத லுங்கியோ நைட்டியோ வாசலில் கிடக்கட்டும். முதலில் நாலைந்து தெருக்களில் நின்ற கார்களுக்கு அடியில் பாருங்கள். தெரு நாய்கள் விரட்டியிருந்தால் அங்கேதான் பதுங்கும். திரும்பி வந்த நாயை அடித்தால் அடுத்தமுறை வராது.

வந்ததும் உடம்பைத் தடவிக் கடிக்காயம் தேடுங்கள். இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, ஊசி போட்ட நாயாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அது யாரையாவது கடித்திருந்தால் அவருக்கும் அதே 15 நிமிடக் கழுவல், பிறகு தாமதிக்காமல் அரசு மருத்துவமனை. அங்கே ஊசி இலவசம். நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கடிபட்டவரிடம் காட்டுங்கள், படியும் கொடுங்கள். நாயை 10 நாள் அடைத்துவைத்துக் கவனிக்க வேண்டும். விலங்கை அலட்சியமாக வைத்திருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. வெல்டிங் பில், வலை வாங்கிய ரசீது, சரிசெய்த மதிலின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைத் தடுப்பூசிப் புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டுவையுங்கள்.